ஆக்கி அளபுருக்களில் இன்மைக் காப்பு: டார்ட் நிரல்மொழியை முன்வைத்துச் சங்க இலக்கியத் தரவமைப்பு நோக்கில் ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

பொருள்நோக்கு நிரலாக்கத்தில் ஒரு பொருள் உருவாகும் இடம் ஆக்கி எனப்படும். அப்பொருளுக்கு உரிய மதிப்புகளுள் ஒன்று இல்லாதபோது ஆக்கி என்ன செய்ய வேண்டும் என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. டார்ட் நிரல்மொழி 2021ஆம் ஆண்டு முதல் வழங்கிவரும் இன்மைக் காப்பு முறையை அடிப்படையாகக் கொண்டு, ஆக்கியின் அளபுருக்களை நான்கு வகையாகப் பகுத்து இக்கட்டுரை விளக்குகிறது. சங்கப் பாடல்களைக் கணினித் தரவாக அமைக்கும்போது எழும் சிக்கல்கள் சான்றாக எடுத்தாளப்படுகின்றன. இன்மைக் காப்பு வினாவை எழுப்புமேயன்றி விடை தருவதில்லை என்பதும், நிரல்பெயர்ப்பியின் பிழைச்செய்தியை அடக்குவதற்காக இடப்படும் பொய் மதிப்புகள் ஆய்வு முடிவுகளையே திரித்துவிடும் என்பதும் நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: இன்மை, இன்மைக் காப்பு, இனக்குழு, ஆக்கி, அளபுரு, முன்னிருப்பு மதிப்பு, டார்ட், சங்க இலக்கியத் தரவு.

முன்னுரை

தமிழ் இலக்கியங்களைக் கணினியில் ஏற்றும் பணி 1998இல் மதுரைத் திட்டம் தொடங்கிய காலந்தொட்டு வளர்ந்து வந்துள்ளது. மூலபாடத்தைத் தட்டச்சுச் செய்து வைப்பது இப்பணியின் முதற்படி. பாடலைப் பாடியவர், திணை, துறை, கூற்று, அடியளவு ஆகியவற்றைத் தனித்தனிப் புலங்களாகப் பகுத்து, கணினி தேடவும் எண்ணவும் ஒப்பிடவும் ஏற்ற தரவாக அமைப்பது அடுத்த படி. இவ்விரண்டாம் படியில் மொழியாய்வாளர் நிரலாக்கத்தின் அடிப்படைக் கேள்வி ஒன்றை எதிர்கொள்கிறார். ஒரு புலத்திற்குரிய செய்தி கிடைக்காதபோது அங்கே எதை வைப்பது?

இக்கேள்வி தமிழ்த் தரவுக்குப் புறம்பானதன்று. குறுந்தொகையில் 10 பாடல்களுக்குப் பாடியோர் பெயர் காணப்பெறவில்லை. புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்களும், ஐங்குறுநூற்றில் 129, 130ஆம் பாடல்களும் கிடைக்கவில்லை. பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் இறுதிப்பத்தும் மறைந்தன. சங்க இலக்கியத் தரவில் இன்மை என்பது விதிவிலக்கு அன்று. தரவின் இயல்பே அது. ஆகவே, இன்மையை நிரல்மொழி எவ்வாறு கையாள்கிறது என்பதை அறிவது தரவமைப்பாளருக்கு இன்றியமையாததாகிறது.

இன்மை என்னும் மதிப்பு

நிரலாக்கத்தில் ஒரு மாறி எப்பொருளையும் சுட்டாத நிலையைக் குறிக்கத் தனி மதிப்பு ஒன்று உண்டு. அதன் ஆங்கிலப் பெயரை ஒலிபெயர்த்தால் ‘நல்’ என்றாகும். அது தமிழில் நன்மைப் பொருள் தரும் சொல்லாதலால், இக்கட்டுரையில் ‘இன்மை’ என்னும் சொல்லே ஆளப்படுகிறது. இம்மதிப்பினால் விளையும் பிழைகளை நிரல் இயங்குவதற்கு முன்பே தடுக்கும் மொழியமைப்பு ‘இன்மைக் காப்பு’ எனப்படும்.

இன்மையைச் சுழியத்தோடும் வெற்றுச் சரத்தோடும் மயக்குதல் கூடாது. அடியளவு என்னும் புலத்தில் சுழியம் இருப்பின், அப்பாடலுக்கு அடிகளே இல்லை என்பது பொருள். இன்மை இருப்பின், அடியளவு பற்றிய செய்தி இங்கில்லை என்பது பொருள். அவ்வாறே, ஆசிரியர் புலத்தில் ஓரெழுத்தும் இல்லாத வெற்றுச் சரம் இருப்பின், கணினியைப் பொறுத்தவரை அங்கே ஒரு பெயர் இருக்கிறது. அதன் நீளம் சுழியம், அவ்வளவே.

இன்மைச் சுட்டினை 1965இல் அல்கால் டபிள்யூ மொழிக்கான வடிவமைப்பில் புகுத்தியவர் கணினி அறிஞர் டோனி ஹோர். எளிதில் நடைமுறைப்படுத்தத் தக்கதாக இருந்தமையால் அதனைச் சேர்த்ததாகக் கூறிய அவர், 2009இல் இலண்டன் மாநாடொன்றில் அதனைத் தம்முடைய நூறு கோடி டாலர் தவறு என்று தாமே குறிப்பிட்டார். அதன் பின்னர் எழுந்த எண்ணற்ற பிழைகளையும் இயக்க முறிவுகளையும் கருதியே அவர் அவ்வாறு மதிப்பிட்டார்.

இன்மை ஏன் இடர் தருகிறது என்பதைத் தமிழிலக்கண மரபோடு ஒப்பிட்டு உணரலாம். ‘வந்தான்’ என்னும் தொடரில் எழுவாய் வெளிப்படவில்லை. ஆயினும், ஆன் என்னும் விகுதி திணை, பால், எண், இடம் ஆகியவற்றைக் காட்டுவதால் தோன்றா எழுவாயைக் கேட்போர் வருவித்துக்கொள்கின்றனர். முதல் வேற்றுமைக்கு உருபு இல்லை எனினும், ஏனைய வேற்றுமைகளுக்கு உருபுகள் வரையறுக்கப்பட்டிருப்பதால் அவ்வுருபின்மையே பொருள் தருகிறது. இவ்விரு இடங்களிலும் இன்மை ஓர் ஒழுங்கினுள் அமைந்துள்ளது. பழைய நிரல்மொழிகளின் இன்மைக்கு அத்தகைய ஒழுங்கில்லை. எந்த மாறியிலும் எந்நேரமும் அது வந்து தங்கலாம்; எதனால் வந்தது என்பதற்கு எத்தடயமும் இராது. இன்மைக் காப்பு என்பது இன்மையை ஒழிப்பதன்று. எங்கெங்கு இன்மை வரலாம், எங்கு வரலாகாது என்பதைத் தரவினத்திலேயே எழுதி வைத்து, அதற்கு ஓர் ஒழுங்கை ஏற்படுத்துவதே ஆகும்.

ஆக்கியின் கடமை

இனக்குழு என்பது ஒரு வகைப் பொருள்கள் அனைத்திற்கும் பொதுவான வார்ப்பு. ‘பாடல்’ என்பதை ஓர் இனக்குழுவாகக் கொண்டால், நூற்பெயர், பாடல் எண், ஆசிரியர், திணை, மூலபாடம் முதலியன அதன் புலங்களாகும். இவ்வார்ப்பிலிருந்து ஒரு தனிப்பாடலுக்குரிய பொருளை உருவாக்கித் தருவது ஆக்கி. ஆக்கி ஏற்கும் மதிப்புகளுக்கான இடங்கள் அளபுருக்கள் எனவும், அவ்விடங்களில் அனுப்பப்படும் மதிப்புகள் செயலுருபுகள் எனவும் வழங்கப்பெறும்.

ஆக்கியின் முதற்கடமை, அரைகுறையான பொருளை வெளியே விடாதிருத்தல். இன்மைக் காப்பு வருவதற்கு முன்னைய டார்ட் மொழியில் இக்கடமையை நிறைவேற்ற மொழியமைப்பில் வழி இல்லை. பெயர்சுட்டிய அளபுரு ஒன்றுக்குச் செயலுருபு அனுப்பத் தவறினால், அவ்விடத்தில் இன்மை தானே புகுந்துகொள்ளும். கட்டாய அளபுரு என்பதைக் குறிக்க ஓர் அடையாளக் குறிப்பு இருந்ததெனினும், அது எச்சரிக்கை தருமளவிலேயே நின்றது. நிரல் இயங்குவதைத் தடுக்கவில்லை.

இதன் விளைவு உடனே தெரிவதில்லை. ஆசிரியர் பெயரின்றிப் ‘பாடல்’ பொருள் ஒன்று உருவாகிறது எனக் கொள்வோம். அது பட்டியலில் சேர்கிறது, கோப்பில் சேமிக்கப்படுகிறது. பின்னர் வேறொரு பகுதி புலவர் பெயர்களை அகரவரிசைப்படுத்த முயலும்போது, இன்மையிடம் முதலெழுத்தைக் கேட்டு இயக்கம் முறிகிறது. முறிந்த இடம் அகரவரிசைப் பகுதி. தவறு நேர்ந்த இடமோ ஆக்கி. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள தொலைவே இத்தகைய பிழைகளைத் தேடிக் கண்டறிவதைக் கடினமாக்குகிறது.

2021 மார்ச்சில் வெளியான டார்ட் 2.12 பதிப்பு இந்நிலையை மாற்றியது. அப்பதிப்பு முதல், தரவினம் ஒன்றின் பெயரை மட்டும் எழுதினால் அம்மாறி இன்மையை ஏற்காது. தரவினப் பெயரின் இறுதியில் வினாக்குறி இட்டால் மட்டுமே ஏற்கும். 2023 மே மாதம் வெளியான டார்ட் 3 பதிப்பில் இன்மைக் காப்பு இல்லாத நிரல்களுக்கு இடமே இல்லாமற் போயிற்று.

இன்மையை ஏற்காத புலங்கள் ஆக்கியின் உடற்பகுதி தொடங்குவதற்கு முன்பே மதிப்புப் பெற்றாக வேண்டும் என்பது இம்மொழியின் விதி. அதற்கு மூன்று வழிகள் உள்ளன. புலத்தை அறிவிக்கும் இடத்திலேயே மதிப்பிடலாம். அளபுருவை நேரே புலத்தோடு இணைக்கலாம். ஆக்கியின் தலைப்பகுதியை அடுத்து வரும் தொடக்கப் பட்டியலில் மதிப்பிடலாம். உடற்பகுதிக்குள் சென்று மதிப்பிடுதலை நிரல்பெயர்ப்பி ஏற்பதில்லை. உடற்பகுதி தொடங்கும்போதே பொருள் முழுமையாக இருத்தல் வேண்டும் என்பதே இவ்விதியின் கருத்து.

இரு வினாக்களும் நால்வகை அளபுருக்களும்

இன்மைக் காப்பைப் பயில்வோரிடம் பொதுவாகக் காணப்படும் மயக்கம் ஒன்றுண்டு. ‘கட்டாயமாக அனுப்பப்பட வேண்டியது’ என்பதையும் ‘இன்மையை ஏற்காதது’ என்பதையும் ஒன்றெனக் கொள்வதே அது. இவை இரண்டும் வேறு வேறு வினாக்கள். அழைப்பவர் இவ்வளபுருவைப் பற்றி ஏதேனும் சொல்லியாக வேண்டுமா என்பது முதல் வினா. அவர் ‘இல்லை’ என்று சொல்லலாமா என்பது இரண்டாம் வினா. இவ்விரு வினாக்களுக்கும் கிடைக்கும் விடைகளின் சேர்க்கையால் அளபுருக்கள் நால்வகைப்படும்.

1. கட்டாயமானதும் இன்மையை ஏற்காததும். நூற்பெயரும் பாடல் எண்ணும் இவ்வகையின. எந்நூலின் எத்தனையாவது பாடல் என்பது தெரியாத பதிவுக்குத் தரவில் இடமில்லை. பெயர்சுட்டிய அளபுருவாயின், ‘ரெக்வயர்ட்’ என்னும் கட்டாயச் சொல்லை முன்னிட்டு, தரவினத்தை வினாக்குறியின்றி எழுத வேண்டும்.

2. கட்டாயமானதும் இன்மையை ஏற்பதும். ஆசிரியர் புலம் இவ்வகைக்குரியது. கட்டாயச் சொல்லும் வினாக்குறியும் ஒருசேர வருதல் முதற்பார்வையில் முரணாகத் தோன்றலாம். ஆனால் அதுவே இங்கு வேண்டப்படுவது. தரவை உள்ளிடுபவர் ஆசிரியர் பெயரைத் தர வேண்டும். அல்லது, பெயர் இல்லை என்பதை வெளிப்படையாக எழுத வேண்டும். வாளா விட்டுச்செல்ல இயலாது.

3. விருப்பமானதும் இன்மையை ஏற்பதும். பதிப்பாசிரியரின் கூடுதல் குறிப்பு போன்றவை இவ்வகையின. பெரும்பாலான பாடல்களுக்கு இது தேவைப்படாது. அழைப்பவர் எதுவும் சொல்லாவிடின் இன்மை தானே அமையும், அதனால் கேடில்லை.

4. விருப்பமானதும் இன்மையை ஏற்காததும். இதற்கு முன்னிருப்பு மதிப்பு கட்டாயம் தேவை. பதிவு சரிபார்க்கப்பட்டதா என்னும் புலம் சான்றாகும். எதுவும் சொல்லப்படாவிடின் ‘சரிபார்க்கப்படவில்லை’ என்று கொள்வது உண்மைக்கு மாறாகாது.

இரண்டாம் வகைக்கும் மூன்றாம் வகைக்கும் உள்ள வேறுபாடு நுட்பமானது. இரண்டிலும் புலத்தில் வந்து சேரும் மதிப்பு இன்மையே. ஆனால் இரண்டாம் வகையில் அது ஒருவர் எண்ணிப் பார்த்து எழுதிய இன்மை. மூன்றாம் வகையில் எவரும் எதுவும் எழுதாமையால் நேர்ந்த இன்மை. ஏட்டுச்சுவடியைப் பார்த்து ஆசிரியர் பெயர் இல்லை என்று உறுதிசெய்தவரின் பதிவையும், பெயரை உள்ளிட மறந்தவரின் பதிவையும் மூன்றாம் வகை வேறுபடுத்திக் காட்டாது. இரண்டாம் வகையோ மறதிக்கு இடந்தராது. மறந்தால் நிரல்பெயர்ப்பி உடனே சுட்டிக்காட்டும்.

பொய்ந்நிறைவு என்னும் இடர்

இன்மையை ஏற்காத அளபுருவுக்கு மதிப்பின்றிப் பிழைச்செய்தி எழும்போது, நிரலர் பலரும் நாடும் எளிய வழி முன்னிருப்பு மதிப்பு ஒன்றை இட்டுவிடுவதே. ஆசிரியர் புலத்திற்கு வெற்றுச் சரத்தையோ ‘பெயர் தெரியவில்லை’ என்னும் சரத்தையோ இட்டால் பிழைச்செய்தி மறையும். நிரல்பெயர்ப்பியின் கண்ணுக்கு எல்லாம் சரியாகிவிடும். ஆய்வு நோக்கில் அதுவே பெரும்பிழையாக முடியும்.

குறுந்தொகைப் புலவர்களுள் யார் யார் எத்தனைப் பாடல் பாடினர் என்று எண்ணும் நிரலை எடுத்துக்கொள்ளலாம். ஆசிரியர் பெயர் காணப்பெறாத 10 பாடல்களுக்கும் ‘பெயர் தெரியவில்லை’ என்னும் ஒரே சரம் இடப்பட்டிருப்பின், கணினி அதனை ஒரு புலவரின் பெயராகவே கொள்ளும். பத்துப் பாடல் பாடிய புலவர் ஒருவர் புதிதாகத் தோன்றுவார். புலவர் தொகையில் ஒன்று கூடும். அப்பாடல்களின் சொல்லாட்சியை ஒப்பிடும் நடையியல் ஆய்வு, ஒருவரோடொருவர் தொடர்பில்லாதோர் பாடியிருக்கக்கூடிய பாடல்களை ஒருவருடைய நடையாகக் கணக்கிடும். நிரல் முறியாது, எச்சரிக்கையும் தராது. தவறான விடையை அமைதியாகத் தந்துகொண்டேயிருக்கும். இயக்கம் முறிதல் இதனினும் நன்று. அது தவறு நேர்ந்ததையேனும் அறிவிக்கும்.

இவ்விடத்தில் பழந்தமிழ்த் தொகை மரபு கடைப்பிடித்த முறை கருதத்தக்கது. இயற்பெயர் அறியப்படாத புலவர்களுக்கு அவரவர் பாடலில் பயின்ற தொடரால் பெயரிடும் வழக்கம் இருந்துள்ளது. செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார் என்னும் பெயர்கள் இவ்வகையின. இயற்பெயர் தெரியாமை இருவர்க்கும் பொது. ஆயினும் இருவரும் ஒருவராக மயங்கவில்லை. தெரியாமையை ஒரே பெயருக்குள் அடைக்காமல், ஒவ்வொன்றையும் தனித்தனியே நிறுத்தியமையால் அவ்வேறுபாடு காக்கப்பட்டது. அத்தகைய பெயர் கிடைக்காத இடங்களில் இடம் வெறுமையாகவே விடப்பட்டது. ஏடுகளில் சிதைந்த பகுதிகளைப் பதிப்புகளில் புள்ளியிட்டுக் காட்டும் முறையும் இந்நெறியைச் சார்ந்ததே. இல்லாததை இல்லை என்று காட்டுதல் பதிப்பு நேர்மையின் பாற்படும். தரவமைப்பிலும் அதுவே நேர்மையாகும்.

முன்னிருப்பு மதிப்பு இடலாமா என்பதற்கு ஓர் எளிய சோதனையைக் கூறலாம். அழைப்பவர் எதுவும் சொல்லாதபோது அம்மதிப்பு உண்மையாக இருக்குமா? உண்மையாக இருக்குமெனின் நான்காம் வகை பொருந்தும். ஊகமாக இருக்குமெனின் பொருந்தாது.

காப்பைக் குலைக்கும் வழிகள்

மொழி தரும் காப்பை நிரலரே நீக்கிவிடும் இடங்கள் சில உள்ளன.

முதலாவது, ‘லேட்’ என்னும் சொல். புலத்தின் முன் இதனை இட்டால், மதிப்புப் பின்னர் வரும் என்று நிரலர் உறுதியளிப்பதாகப் பொருள். நிரல்பெயர்ப்பி ஆக்கியில் மதிப்பைக் கேட்பதை நிறுத்திவிடும். உறுதியளித்தவாறு மதிப்பிடாமல் புலத்தைப் படித்தால் இயக்க நேரத்தில் பிழை எழும். பெயர்ப்பு நேரத்தில் கிடைத்த காப்பு மீண்டும் இயக்க நேரத்திற்குத் தள்ளப்படுகிறது.

இரண்டாவது, வியப்புக்குறி. இன்மையை ஏற்கும் கோவையின் பின் இக்குறியை இட்டால், இங்கு இன்மை இல்லை என்று நிரலர் வலியுறுத்துவதாகும். வலியுறுத்தல் பொய்யாயின் அவ்விடத்திலேயே நிரல் முறியும். ஆக்கிக்குச் செயலுருபு அனுப்பும் இடங்களில் இக்குறி மிகுந்திருப்பின், அளபுருவின் வகை தவறாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கலாம் என்று ஐயுறுதல் தகும்.

மூன்றாவது, முன்னிருப்பு மதிப்பும் வினாக்குறியும் கலத்தல். ஓர் அளபுரு இன்மையை ஏற்பதாகவும் முன்னிருப்பு மதிப்பு உடையதாகவும் அமைந்தால், அழைப்பவர் எதுவும் சொல்லாதபோது மட்டுமே முன்னிருப்பு மதிப்பு செயற்படும். அவர் வெளிப்படையாக இன்மையை அனுப்பினால் இன்மையே தங்கும். இரு நிலைகளிலும் முன்னிருப்பு மதிப்பே வேண்டுமெனின், புலத்தை இன்மை ஏற்காததாக வைத்து, தொடக்கப் பட்டியலில் இரட்டை வினாக்குறிச் செயற்குறியைப் பயன்படுத்தி மாற்று மதிப்பைத் தருதல் வேண்டும். அச்செயற்குறி, இடப்பக்க மதிப்பு இன்மையாயின் வலப்பக்க மதிப்பைத் தருவது.

நான்காவது, வெற்றுப் பட்டியல். டார்ட் மொழியில் முன்னிருப்பு மதிப்பு மாறிலியாகவே இருத்தல் வேண்டும். எனவே, பாடவேறுபாடுகளின் பட்டியலுக்கு முன்னிருப்பாக இடப்படும் வெற்றுப் பட்டியலும் மாறிலியே. பின்னர் அதில் ஒரு பாடவேறுபாட்டைச் சேர்க்க முயன்றால் இயக்க நேரப் பிழை எழும். சேர்க்கத்தக்க பட்டியல் வேண்டுமெனின், தொடக்கப் பட்டியலில் ஒவ்வொரு பொருளுக்கும் புதிய பட்டியலை உருவாக்க வேண்டும்.

ஐந்தாவது, ‘அசர்ட்’ என்னும் உறுதிமொழிக் கூற்றை மட்டும் நம்புதல். பாடல் எண் சுழியத்தினும் பெரிதாதல் வேண்டும், நூற்பெயர் வெற்றுச் சரமாதல் கூடாது என்பன போன்ற நெறிகள் இன்மைக் காப்பின் எல்லைக்கு அப்பாற்பட்டவை. இவற்றை ஆக்கியின் தொடக்கப் பட்டியலில் உறுதிமொழிக் கூற்றாக எழுதலாம். ஆனால் அக்கூற்றுகள் உருவாக்க நிலையில் மட்டுமே சோதிக்கப்படும். பயன்பாட்டுக்கு வெளியிடப்படும் நிரலில் இயல்பாக அவை செயற்படுவதில்லை. வெளியிலிருந்து வரும் தரவைச் சோதிக்க, பிழையை வெளிப்படையாக எழுப்பும் கட்டளையே தேவை.

எல்லையில் செய்யத்தக்க சோதனை

இன்மைக் காப்பு நிரலின் உள்ளே உறுதியாகச் செயற்படும். கோப்பிலிருந்தோ வலைவழியாகவோ வரும் தரவு அவ்வுறுதிக்கு வெளியே உள்ளது. ஜேசான் வடிவக் கோப்பிலிருந்து ஒரு பாடலின் பதிவைப் படிக்கும்போது, எப்புலம் இருக்கும், எது இராது என்பதை நிரல்பெயர்ப்பி முன்னறிய இயலாது. இன்மையாக வந்த மதிப்பை இன்மை ஏற்காத தரவினமாக மாற்ற முயன்றால் நிரல் இயக்க நேரத்தில் முறியும்.

இதற்கெனத் தனி ஆக்கி ஒன்றை அமைப்பது நன்று. டார்ட் மொழியில் ‘ஃபேக்டரி’ என வழங்கும் இவ்வகை ஆக்கி, பொருளை உருவாக்குமுன் தரவை ஆராய்ந்து முடிவெடுக்க இடந்தருகிறது. நூற்பெயரோ பாடல் எண்ணோ இல்லாத பதிவை, அது கோப்பின் எவ்விடத்தில் உள்ளது என்னும் செய்தியுடன் தள்ளிவிடலாம். ஆசிரியர் புலத்தைப் பொறுத்தவரை, அப்புலமே கோப்பில் இல்லாமையையும், புலம் இருந்து அதில் இன்மை எழுதப்பட்டிருத்தலையும் பிரித்தறிய வேண்டும். முன்னது உள்ளீட்டாளரின் விடுபாடாக இருக்கலாம். பின்னது அவருடைய தீர்மானம். குறியீட்டுப் பெயரைக் கொண்டு மதிப்பை மட்டும் கேட்டால் இரண்டிற்கும் இன்மையே விடையாக வரும். ஆதலால், அப்பெயர் பதிவில் உள்ளதா என்பதை முதலில் தனியே சோதித்தல் வேண்டும். எல்லையில் இச்சோதனை முடிந்தபின், உள்ளே செல்லும் ஒவ்வொரு ‘பாடல்’ பொருளும் நம்பத்தக்கதாகும்.

இன்மைக்குத் திருத்துதல்

மாறாப் பொருள்களைக் கையாளும்போது, ஒரு பொருளின் ஒரு புலத்தை மட்டும் மாற்றிப் புதுப்படி எடுக்கும் செயற்கூறு ஒன்றை எழுதுவது வழக்கம். அதன் அளபுருக்கள் எல்லாம் விருப்பமானவையாகவும் இன்மையை ஏற்பவையாகவும் அமையும். அனுப்பப்பட்ட மதிப்பு இன்மையாயின் பழைய மதிப்பை வைத்துக்கொள், இல்லையேல் புதியதை வை என்பதே அதன் நடைமுறை. அச்செயற்கூறு இம்மதிப்புகளைக் கொண்டு ஆக்கியை மீண்டும் அழைக்கும்.

இங்கு ஒரு சிக்கல் மறைந்துள்ளது. ஒரு பாடலின் ஆசிரியர் புலத்தில் தவறான பெயர் இடப்பட்டிருந்து, அப்பாடலுக்கு ஆசிரியர் பெயர் இல்லை என்று பின்னர் அறியப்படுகிறது எனக் கொள்வோம். திருத்துபவர் ஆசிரியர் புலத்திற்கு இன்மையை அனுப்புகிறார். செயற்கூறோ அதனை ‘எதுவும் சொல்லவில்லை’ என்று கொண்டு பழைய தவறான பெயரையே வைத்துக்கொள்கிறது. திருத்தம் நிகழ்ந்ததாகத் திருத்துபவர் நம்புகிறார், தரவு மாறவில்லை. இருவேறு பொருள்களை ஒரே இன்மை சுமந்ததால் விளைந்த இடர் இது.

அளபுருவின் முன்னிருப்பு மதிப்பாகத் தனி அடையாளப் பொருள் ஒன்றை வைப்பது இதற்கு ஒரு தீர்வு. அவ்வடையாளம் வந்தால் மாற்றம் இல்லை; இன்மை வந்தால் இன்மைக்கே மாற்று என்று பிரித்தறியலாம். மதிப்பை நேரே ஏற்காமல், மதிப்பைத் தரும் செயற்கூறு ஒன்றை அளபுருவாக ஏற்பது மற்றொரு தீர்வு. செயற்கூறு அனுப்பப்படாவிடின் மாற்றமில்லை. அனுப்பப்பட்ட செயற்கூறு இன்மையைத் தந்தால் புலம் இன்மையாகும்.

இன்மையின் காரணத்தைப் பதிதல்

வினாக்குறி ஒரு புலம் வெறுமையாக இருக்கலாம் என்று மட்டுமே கூறும். ஏன் வெறுமையாக உள்ளது என்று கூறாது. நற்றிணை 385ஆம் பாடலின் பிற்பகுதி மறைந்துவிட்டது. அதன் மூலபாடப் புலத்தை இன்மை என்பது பொய். முழுப்பாடம் உள்ளது என்பதும் பொய். புறநானூறு 267ஆம் பாடலோ முற்றிலும் இல்லை. ஆயினும் அதற்குரிய எண் நூலமைப்பில் இடம்பெற்றுள்ளது. அப்பதிவையே நீக்கிவிட்டால் அடுத்தடுத்த பாடல்களின் வரிசைக்கு விளக்கமில்லாமற் போகும். இவற்றோடு, மூலபாடம் அச்சில் இருந்தும் இன்னும் உள்ளிடப்படாத பாடல்களும் தரவில் இருக்கும். இம்மூன்று நிலைகளையும் ஒரே புலத்தின் இன்மை வேறுபடுத்த மாட்டாது.

டார்ட் 3 பதிப்பில் அறிமுகமான மூடிய இனக்குழு இதற்கு வழிசெய்கிறது. ‘மூலபாட நிலை’ என்னும் மூடிய இனக்குழுவின்கீழ் ‘முழுமை’, ‘பகுதி’, ‘மறைந்தது’, ‘உள்ளிடப்படாதது’ என்னும் நான்கு உள்ளினக்குழுக்களை அமைக்கலாம். முழுமையின் ஆக்கி மூலபாடத்தைக் கட்டாயமாகக் கேட்கும். பகுதியின் ஆக்கி எஞ்சிய அடிகளையும், சிதைவு எவ்விடத்தது என்பதையும் கேட்கும். மறைந்ததன் ஆக்கிக்கு மூலபாட அளபுருவே இல்லை. ‘பாடல்’ ஆக்கியில் மூலபாட நிலை கட்டாயமானதாகவும் இன்மையை ஏற்காததாகவும் அமையும். இந்நிலைகளை ஆராயும் தெரிவுக் கோவையில் நான்கனுள் ஒன்றை விட்டுவிட்டால் நிரல்பெயர்ப்பி சுட்டிக்காட்டும். இன்மை இங்கே மதிப்பற்ற வெறுமையாக நில்லாமல், பெயரும் காரணமும் உடைய செய்தியாகிறது.

எல்லாப் புலங்களுக்கும் இம்முறை தேவை என்பதன்று. காரணம் வேறுபடும்போது ஆய்வு முடிவும் வேறுபடுமெனின் தனி நிலைகள் வேண்டும். வேறுபடாதெனின் வினாக்குறியே போதும்.

பிற மொழிகளின் நிலை

இன்மையைக் கட்டுப்படுத்தும் முயற்சி டார்ட் மொழிக்கு மட்டும் உரியதன்று. ஜாவா மொழியின் ஏழாம் பதிப்பு 2011இல் வெளியானபோது, இன்மை வந்தால் உடனே பிழை எழுப்பும் துணைச் செயற்கூறு ஒன்று வழங்கப்பட்டது. ஆக்கியின் தொடக்கத்தில் அதனை அழைப்பதால் தவறு நேர்ந்த இடத்திலேயே வெளிப்படும். எனினும் அச்சோதனை இயக்க நேரத்தில்தான் நிகழும். 2014இல் அறிமுகமான ஸ்விஃப்ட் மொழியும், 2016இல் முதற்பதிப்பு கண்ட காட்லின் மொழியும் தொடக்கம் முதலே இன்மைக் காப்பைத் தரவினத்தில் அமைத்தன. காட்லினில் முன்னிருப்பு மதிப்பு தரப்படாத அளபுரு, இன்மையை ஏற்பதாயினும் கட்டாயமானதே. மேற்கூறிய இரு வினாக்களும் வேறு வேறு என்பதற்கு அம்மொழியின் அமைப்பும் சான்றாகிறது. சி சார்ப் மொழி 2019இல் தன் எட்டாம் பதிப்பில் இவ்வசதியைச் சேர்த்தபோது, பழைய நிரல்களைக் கருதி, மீறல்களைப் பிழையாக அன்றி எச்சரிக்கையாகவே இயல்பில் அமைத்தது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வினால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. ஆக்கியின் ஒவ்வோர் அளபுருவும், சொல்லியாக வேண்டுமா, இல்லை எனலாமா என்னும் இரு வினாக்களுக்கு விடையாக அமைதல் வேண்டும். இவ்விரு வினாக்களையும் ஒன்றாக்கினால் மறதியும் தீர்மானமும் மயங்கும். முன்னிருப்பு மதிப்பு, எதுவும் சொல்லப்படாத நிலையிலும் உண்மையாக இருந்தாலன்றி இடப்படலாகாது. வெளியிலிருந்து வரும் தரவை நிரலின் எல்லையிலேயே சோதித்தல் வேண்டும். காரணம் வேறுபடும் இன்மைகளுக்குத் தனி இனங்கள் தேவை.

இவற்றுள் எதனையும் நிரல்பெயர்ப்பி தானே முடிவு செய்துவிடாது. ஆசிரியர் புலத்தில் வினாக்குறி இடுவதா, மூலபாடத்தின் நிலைகளை எத்தனையாகப் பகுப்பது என்பன நிரலாக்கத் தீர்மானங்களாகத் தோன்றினும் உண்மையில் அவை பதிப்பியல் தீர்மானங்களே. ஏட்டையும் அச்சுப் பதிப்பையும் அறிந்தவரே அவற்றைச் செய்ய இயலும். ஆகவே, தமிழ்த் தரவுக்கான இனக்குழுக்களை வடிவமைக்கும்போது, ஆக்கியின் அளபுருப் பட்டியல் எழுதப்படும் நிலையிலேயே தமிழறிஞர் அப்பணியில் பங்கேற்றல் இன்றியமையாதது. நிரல் எழுதி முடிந்து பல்லாயிரம் பதிவுகள் ஏறிய பின்னர், வெற்றுச் சரங்களுக்கிடையே எது மறதி, எது மறைவு என்று பிரித்தறிவது அரிது.